பிடுங்காமல் நின்ற சிவப்புக் கட்டை

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, வெடி எங்க கிடக்குதெண்டு உங்களுக்கு உள்ளுக்கு ஒரு சொல் வருமாமே, உண்மையோ?" கேட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பார்கள். நான் சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவேன். நாலு பேருக்கு முன்னால் நின்று கதைப்பது எனக்கு எந்தக் காலத்திலும் வராது.

கண்ணிவெடி அகற்றும் வேலையில் பல வருடம் முழங்காலில் இருந்தே காலம் போனது. இப்போது அந்த முழங்கால்கள் இரண்டும் இனி மடங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டதால் வீட்டோடு இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த உங்களிடம் வந்து ஏதாவது பேசும்படி கேட்டார்கள். எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள் என்று சொல்லிவிட்டேன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: அப்படி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சு ஒரு காணியில் நடந்த சம்பவத்திலிருந்துதான் கிளம்பியது. அதை நடந்தபடியே சொல்கிறேன்.

டிடெக்டரைப் பிடிப்பதும் மண்ணைக் கிளறுவதும் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நாள் முழுக்க ஒரு முழ அகல மண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மனதுக்குள் என்னென்ன வரும் என்பதைச் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். பயம் வரும். பசி வரும். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் இன்றைக்குப் பெற்றோர் கூட்டம் என்பது வரும். சில நேரம் காரணமே தெரியாத ஒரு தயக்கமும் வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் சிக்கல்.

எங்கள் குழுவில் சாந்தி என்று ஒருத்தி இருந்தாள். வட்டக்கச்சிக்காரி, வாய் ஓயாது. அவளுக்கு இந்தத் தயக்கம் பல்லியின் மூலமாக வரும். காலையில் வீட்டில் பல்லி எந்தப் பக்கம் சொன்னதோ, அந்தப் பக்கம் அன்றைக்கு வேலை செய்யப் பயப்படுவாள். ஒருநாள் கிழக்குப் பக்கம் இறங்கமாட்டேன் என்று ஒரேயடியாக நின்றுவிட்டாள்.

எங்கள் குழுவின் பொறுப்பாளரான ரீம் லீடர் அவளை ஏசவில்லை. "பல்லி எங்க இருந்து சொன்னது?" என்று கேட்டார்.

"குசினிக்குள்ள, அடுப்படியில."

"குசினிக்குக் கிழக்கை சொன்னதோ, இந்தக் காணிக்குக் கிழக்கை சொன்னதோ?"

சாந்தி கொஞ்சம் யோசித்தாள். "அது விளக்கமாச் சொல்லேல்லை."

"அப்ப பின்னேரம் போய் வடிவாக் கேட்டுக்கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் கிழக்கில வேலை செய்யுங்கோ."

எல்லோரும் சிரித்தோம். சாந்தியும் சிரித்துக்கொண்டே இறங்கினாள். ஆனால் அன்றைக்கு லீடர் அவளுக்குப் பக்கத்துப் பாதையில்தான் நாள் முழுக்க நின்றார். பகிடியும் பண்ணுவார், பக்கத்திலும் நிற்பார். அவருடைய தன்மை அப்படி.

பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, அதனால் போடவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். மலையகத்துத் தோட்டத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். அவர் பிறந்து வளர்ந்தது புளியங்குளத்துப் பக்கம். எங்களைப் போலத்தான் கதைப்பார். கோபமோ பதற்றமோ வந்தால் மட்டும் தாய் தகப்பனின் பேச்சு வெளியே வரும். அது வந்துவிட்டால் நாங்கள் வாயைத் திறப்பதில்லை.

நான் சொல்ல வந்த காணி நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரமாக இருந்தது. ஒரு சின்னக் குளம். அதன் கட்டுக்குக் கீழே ஒரு வெறும் நிலம். அதற்கும் கீழே வயல். கட்டுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த அந்த வெறும் நிலத்தில்தான் மிதிவெடிகள் வரிசையாகப் புதைக்கப்பட்டிருந்தன. வரிசை என்றால் ஓர் ஒழுங்கு இருக்கும். சிலவற்றை எடுத்தபிறகு அடுத்தது எவ்வளவு தூரத்தில் கிடக்கும் என்பது கைக்கே பழகிவிடும். அந்த வரிசையில் ஓரிடம் வெறுமையாக இருந்தது. அங்கே வெடி இல்லை, புல் மூடிய சின்னப் பள்ளம் ஒன்றுதான் இருந்தது.

வரிசையில் ஒன்று குறைந்தால், அது எங்கே போனது என்பதற்குப் பதில் இல்லாமல் காணியைக் கையளிக்க முடியாது. எங்களுக்குப் பதில் சுலபமாகக் கிடைத்தது. பள்ளத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஈச்சம்பற்றைக்குள் ஒரு மாட்டின் மண்டையோடும் விலா எலும்புகளும் தெரிந்தன. அவிழ்த்துவிட்டபடி திரிகிற கட்டாக்காலி மாடு. யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. மாடு மிதித்திருக்கிறது, வெடித்திருக்கிறது, தள்ளாடிப் போய்ப் பற்றைக்குள் விழுந்து செத்திருக்கிறது. கேட்ட உடனே எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. எனக்கும் பட்டது. வெடித்த துண்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதையும் மழை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லி முடித்துவிட்டோம்.

காணிக்காரர் மகாலிங்கம் ஐயா தினமும் சைக்கிளில் வந்து எங்கள் எல்லைக் கயிற்றுக்கு வெளியே நிற்பார். வாழ்ந்த வீடும் அந்த வெறும் நிலத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது என்பதால் மனைவியோடு மச்சான் வீட்டில் இருந்தார். "பிள்ளையள், மச்சான்ர விறாந்தையில படுத்துப் படுத்து, இப்ப அந்த விறாந்தைக்கே என்னைப் பிடிக்காமப் போச்சு," என்பார். பகிடியாகத்தான் சொல்வார். ஆனால் சொல்லிவிட்டு வயலைப் பார்க்கும்போது அந்த முகத்தில் பகிடி இருக்காது. பக்கத்துக் காணிக்காரர்கள் மழைக்கு முன்னமே காய்ந்த மண்ணை உழுது புழுதியில் விதைக்கத் தொடங்கிவிட்டார்கள். இவரும் உழவு இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருந்தார். நாங்கள் வேலையை முடித்து அடுத்த நாள் காணியைக் கொடுத்தால் அதற்கடுத்த நாள் உழவு. மழையைத் தவறவிட்டால் இன்னொரு வருடமும் அதே விறாந்தைதான்.

கடைசி நாள் ஆபத்தான இடம் என்று குறிக்க நாங்கள் நட்டிருந்த சிவப்புக் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தோம். எல்லோருக்கும் சந்தோஷம். சாந்தி பாட்டுப் பாடிக்கொண்டு பிடுங்கினாள். நான் ஈச்சம்பற்றையின் பின்பக்கத்தால் குனிந்து போய் அங்கிருந்த கட்டையைப் பிடுங்கினேன். அடுத்த கட்டை வயல்பக்கம் இருந்தது. அதில் கை வைத்தேன். பிடுங்கவில்லை.

கட்டை இறுகி நிற்கவில்லை. என் கைதான் இழுக்கவில்லை. வயிற்றுக்குள் ஏதோ இறுகியது போல இருந்தது. ஏதோ ஒன்று சரியில்லை.

"என்னக்கா, கட்டை வேர் விட்டிட்டுதோ?" என்றாள் சாந்தி.

"ஒண்டுமில்லை."

"பல்லி என்னை விட்டிட்டு உங்களிட்டை வந்திட்டுது போல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இழுத்துப் பிடுங்கிவிட்டு நடந்திருப்பேன். அதற்குள் லீடர் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "என்ன அக்கா?" என்றார்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாட்டி ஏன் அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"எனக்கு... இது முடிஞ்ச மாதிரி இல்லை."

"ஏன்?"

"தெரியேல்லை."

அந்த இடத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். பல்லிக்குச் சொன்னதை எனக்கும் சொல்லியிருக்கலாம். காணி கையளிப்புக்கு எல்லாம் ஒழுங்காகிவிட்டது, மேலிடத்துக்கும் அறிவித்தாகிவிட்டது. அவர் என் கையைப் பார்த்தார். பிறகு திரும்பி, "கட்டை பிடுங்கிறதை நிப்பாட்டுங்கோ. ஒருத்தரும் இனி ஒண்டையும் தொடவேண்டாம்," என்று சத்தமாகச் சொன்னார்.

மகாலிங்கம் ஐயா கயிற்றுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை, என்ன நிப்பாட்டிறியள்?"

"நாளைக்குக் காணி தரேலாது ஐயா. இன்னும் பாக்கவேணும்."

"நேற்று முடிஞ்சுதெண்டியள்!"

"ஓம். இண்டைக்கு எனக்குச் சரியாப் படேல்லை."

'எனக்கு' என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஐயாவுக்கு வந்த கோபம் முழுவதையும் அந்த இளம் பிள்ளை தனியாக வாங்கிக்கொண்டது. "சரியாப் படேல்லையோ? என்ன, சாத்திரம் பாக்கிறியளோ இஞ்ச? வெத்திலையில மை போட்டுப் பாத்தியளோ? உழவு மிசின்காரனுக்கு நான் என்னெண்டு சொல்லுறது, அந்தப் பிள்ளைக்குச் சரியாப் படேல்லையாம் எண்டோ?" அவர் கத்தக் கத்த நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். லீடர் தொலைபேசியில் மேலிடத்துக்குச் சொன்னபோது, அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என்னை நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போத்தலில் இருந்த, பால் விடாத பிளேன்ரீயை ஊற்றித் தந்தார். "ஏனெண்டு இனிக் கேக்கமாட்டன். காரணம் வேண்டாம். காலமை வந்து இறங்கினதில இருந்து உங்கட கண்ணில பட்டதை மட்டும் சொல்லுங்கோ," என்றார்.

சொன்னேன். வாகனத்தில் வந்து இறங்கியது. பாதுகாப்பு அங்கியைப் போட்டது. குளக்கட்டில் ஓர் உடும்பு போனது. சாந்தி பாடியது. பற்றைக்குப் பின்னால் குனிந்தது. "பின்பக்கத்தால பாத்தா மாட்டின்ர எலும்பு முழுக்கத் தெரியுது. முன்னங்கால் ரெண்டும் மடிச்சபடி. பின்னங்கால்..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டேன்.

"சொல்லுங்கக்கா. நிப்பாட்டாதீங்க." அவருடைய பேச்சு தாய் தகப்பனின் பேச்சாக மாறிவிட்டது.

"பின்னங்காலும் ரெண்டும் கிடக்கு. குளம்போட. நாலு காலும் முழுசாக் கிடக்கு."

மிதிவெடியை மிதித்த மாட்டுக்கு நாலு காலும் முழுசாக இருக்காது. நாங்கள் இத்தனை நாளும் பற்றைக்கு முன்னால் நின்று மண்டையோட்டையும் விலாவையும் மட்டும்தான் பார்த்திருந்தோம். அன்று காலை என் கண் கால்களைப் பார்த்துவிட்டது. பார்த்தது எனக்கே தெரியவில்லை. கண் கண்டதைக் கைக்குச் சொல்லியிருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை.

இருவரும் எழுந்து போய்ப் பார்த்தோம். நோயோ தாகமோ, அந்த மாடு படுத்த இடத்திலேயே செத்திருந்தது. அது எங்களுக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை. வரிசையில் குறைந்த வெடி எங்கே என்ற கேள்வி மறுபடியும் எங்கள் முன்னால் வந்து நின்றது.

லீடர் நேரே மகாலிங்கம் ஐயாவிடம் போனார். அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் நின்றார். "ஐயா, மாரியில தண்ணி குளக்கட்டைத் தாண்டினா எந்தப் பக்கத்தால இறங்கும்?"

"ஏன், அதையும் மை போட்டுப் பாருங்கோவன்."

"உங்கட காணி ஐயா. உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் குளத்தின் பக்கம் திரும்பினார். பிறகு கையை நீட்டினார். அந்தப் பள்ளத்தின் மேலால், சரிவாக, வயலின் மேல்வரம்பு வரை அந்தக் கை போனது. "வெள்ளம் வந்தா இதாலதான் இறங்கும். வரம்பில முட்டித்தான் நிக்கும். வண்டல் முழுக்க அங்கதான் சேரும்."

தண்ணீர் இறங்கும் அந்த வழியை, முன்பு தேடாத மேல்வரம்பு வரை, பாதையாகப் பிடித்துத் தேடத் தொடங்கினோம். உழவு இயந்திரம் அவருடைய காணிக்கு வராமல் வேறொருவரின் காணிக்குப் போனது. அந்தச் சத்தம் அங்கே கேட்டுக்கொண்டே இருந்தது. ஐயா வருவதை நிறுத்தவில்லை, ஆனால் எங்களோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அந்த நாட்களில் எனக்கு ஒரே யோசனைதான். ஒன்றும் கிடைக்காவிட்டால்? என் வயிறு இறுகியதற்காக ஒரு மனிதனின் விதைப்பு போய்விட்டால்? லீடரிடம் கேட்டேன். "கிடைக்காட்டி நல்லதுதானே அக்கா. அப்ப உண்மையாவே இல்லை எண்டு தெரியும்," என்றார்.

கண்டெடுத்தவள் நான் இல்லை, சாந்தி. வயலின் மேல்வரம்பில், வண்டலுக்கு அடியில், அவளுடைய டிடெக்டர் மெலிதாக முனகியது. அவள் பாட்டை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தினாள். வெள்ளம் கொண்டுவந்து வரம்போடு சாத்தி, மண்ணால் மூடிவிட்ட வெடி. உழவு இயந்திரம் வரம்போரம் வந்து திரும்பும்போது அதன் சக்கரச் சில்லு ஏறுகிற சரியான இடம். உழும்போது ஐயா பக்கத்தில் நடந்து வருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

வெடியை அழித்த பிறகு அவரை வரச்சொல்லி இடத்தைக் காட்டினோம். அவர் அந்த இடத்தைப் பார்த்தார். உழவு இயந்திரம் திரும்புகிற வளைவைக் கண்ணாலேயே ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். குந்தியபடியே, "எப்பிடிப் பிள்ளை உங்களுக்குத் தெரியும்?" என்றார்.

"தெரியாது ஐயா," என்றார் லீடர். "தெரியாதெண்டபடியாத்தான் பாத்தனாங்கள்."

சாந்தி என் பக்கம் வந்து, "அக்கா, என்ர பல்லி இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லேல்லை," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

விஷயம் எப்படியோ வெளியே பரவிவிட்டது. எனக்கு ஏதோ வரம் இருக்கிறது என்ற கதை அன்றிலிருந்துதான். நெடுங்கேணிச் சந்தையில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தொலைந்த தன் ஆடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நம்பவில்லை. "சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ," என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகளே, உங்களுக்கும் அப்படி வரும். வராது என்று சொல்லமாட்டேன். பல மாதம் மண்ணைப் பார்த்த கண், உங்களுக்குச் சொல்லாமலே பலதைக் கணக்கெடுத்து வைத்திருக்கும். அதை மதியுங்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மாடு மிதித்து வெடித்தது என்று எங்கள் எல்லோருக்கும் பட்டதும் உள்மனம் சொன்னதுதான். அதுவும் தெளிவாகத்தான் சொன்னது, என் வயிற்று இறுக்கத்தைவிடத் தெளிவாக. லீடர் பிறகு எங்களுக்குச் சொன்னதை நான் கடைசி நாள் வரை கடைப்பிடித்தேன். உள்ளே ஒன்று 'நில்' என்று சொன்னால் காரணம் கேட்காமல் நிற்கவேண்டும். அதே ஒன்று 'போ, இங்கே ஒன்றுமில்லை' என்று சொன்னால் நம்பக்கூடாது, மண்ணைத்தான் கேட்கவேண்டும். நின்ற பிறகு, கண்ணில் பட்டது என்ன என்று பொறுமையாகத் தேடவேண்டும்.

இன்னொன்று. உங்களில் சிலர் ஒருநாள் லீடராக வருவீர்கள். கூச்சப்படுகிற ஒருத்தி 'தெரியேல்லை' என்று சொல்லிக்கொண்டு கட்டையைப் பிடித்தபடி நிற்பாள். அவளுக்குப் பக்கத்தில் போய் மெதுவாகக் கேளுங்கள். என்னிடம் கேட்க ஒருவர் இருந்தார். கேட்டிராவிட்டால் நான் சொல்லியிருக்கமாட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கை கூப்பத் தோன்றுகிறது.

அந்த முறை மழை பிந்தியது. மகாலிங்கம் ஐயாவுக்கு விதைக்க நேரம் கிடைத்தது. உழவு நாளன்று எங்களை வரச்சொல்லி அனுப்பியிருந்தார். நானும் லீடரும் போனோம். புதுச் சாரம் உடுத்து அவர் உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். பின்னால் கொக்குகள். இயந்திரம் மேல்வரம்பை நெருங்கி வளையத் தொடங்கியபோது என் வயிறு இறுகியது. அதே இறுக்கம், அதே இடத்தில், கொஞ்சமும் வித்தியாசமில்லை. 'நிப்பாட்டுங்கோ' என்று கத்த வாய் திறந்துவிட்டது.

கண்ணில் என்ன பட்டது என்று என்னையே கேட்டேன். கொக்கு, சாரம், சில்லு. மண்ணில் புதிதாக ஒன்றுமில்லை. வெடியை எடுத்த பிறகு அந்த வரம்பை ஒரு தடவை சாந்தியும், இன்னொரு தடவை நானும் முழங்காலிட்டுப் பார்த்திருக்கிறோம். நான் ஏற்கெனவே நின்று, பார்த்து, முடித்த இடம் அது. இது வெறும் பயம். வாயை மூடிக்கொண்டேன். சில்லு அந்த இடத்தில் ஏறியது, இறங்கியது. மண் புரண்டு விழுந்தது. ஐயா திரும்பிப் பார்க்காமல் அடுத்த சாலுக்கு நடந்தார்.

"அக்கா, மூச்சை விடுங்கோ," என்றார் லீடர்.

திரும்பிப் பார்த்தேன். வேலிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் மூச்சு விடவில்லை.

"நீங்கள் முதல் விடுங்கோ," என்றேன்.